டிப்ஸையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போக நினைப்பவர்கள் கவனிக்கவும். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை டிப்ஸைத் தாமாகவே கணக்கில் ஏற்றிவிடுகின்றன, பிள்ளைகளுக்கும் சேர்த்து. நாலு பேர், நாலு இரவு என்றால் குறைந்தது 256 டாலர். எங்கள் முகவர் இதைச் சொல்லவே இல்லை.

மதுக்கூடத்தில் இன்னொரு கூத்து. ‘இன்றைய சிறப்புப் பானம்’ என்று பலகையில் எழுதிய விலைக்கு மேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம். அப்புறமும் ரசீதில் டிப்ஸ் எழுத ஒரு காலிக் கோடு! அதுவும் கட்டாயம் என்று நினைத்து என் மாமனார் ஒவ்வொரு முறையும் எழுதிக்கொடுத்தார்.

அதற்காக, கடைசி இரவு வரவேற்பு முகப்பில் வரிசையில் நின்று டிப்ஸை நீக்கச் சொல்வது சரியில்லை. எங்கள் அறையைக் கவனித்த தம்பி தூத்துக்குடிக்காரர். காலையும் மாலையும் வந்து படுக்கை விரித்தார். ஒப்பந்தம் முடியும்வரை விடுமுறை நாளே கிடையாதாம். அவர் பணத்தில் கை வைக்கலாமா?

முகவர்கள் விளம்பரத்திலேயே டிப்ஸையும் கூட்டி முழுத்தொகையைப் போடட்டும்.

– வாசகி, ஈசூன்