மொயாஸ்டா ஜங்ஷன் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில் வெஸ்ட் கிளேர் ரயில் பாதையோடு சேர்த்து 1961-ல் மூடப்பட்ட மொயாஸ்டா ஜங்ஷன் என்ற ரயில் நிலையம் பற்றி எழுதிவந்த தொடர் ஒருவழியாக முடிந்துவிட்டது. எழுதியது நான் என்றாலும் முக்கால்வாசி சரக்கு உங்களுடையது. அதனால்தான் இந்த நன்றியை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

வெஸ்ட் கிளேர் ரயில் என்றாலே கேட்பவர்களுக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. காரணம் பெர்சி ஃப்ரெஞ்ச் என்ற ஐரிஷ் பாடலாசிரியர். 1896 ஆகஸ்டில் கில்கீ ஊருக்குக் கச்சேரி செய்யக் கிளம்பினார். இன்ஜின் தண்ணீரில் பாசி புகுந்து வண்டி வழியிலேயே நின்றுவிட்டது. அவர் போய்ச் சேருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. கம்பெனி மேல் வழக்குப் போட்டு 10 பவுண்டு வாங்கினார், அப்புறம் ஒரு கேலிப்பாட்டும் கட்டிவிட்டார். பாட்டு அருமையான பாட்டுதான். ஆனால் அது நிலைத்ததில் ரயில் மறந்துபோனது. அந்த ரயிலை எனக்குத் திரும்பக் காட்டியவர்கள் நீங்கள்.

பழைய செய்தித்தாள்களை அலுக்காமல் எடுத்துத் தந்த நூலகருக்கு முதல் நன்றி. 1885 ஜனவரியில் மில்டவுன் மால்பே ஊரில் ஐரிஷ் அரசியல் தலைவர் பார்னெல் பாதை வேலைக்கு முதல் மண்ணை வெட்டிய செய்தி, 1887-ல் என்னிஸ் ஊரிலிருந்து மில்டவுன் மால்பே வரை வண்டி ஓடத் தொடங்கியது, 1892-ல் கில்ரஷ், கில்கீ வரை பாதை நீண்டது எல்லாம் அவர் தயவில் கிடைத்தவை.

அடுத்து, அப்பா அந்த லைனில் வேலை பார்த்த பெரியவர். மொயாஸ்டாவில் பாதை எப்படிப் பிரிந்தது என்று எத்தனை வரைபடம் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. சமையலறை மேசையில் மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக வைத்தார். "இது கில்ரஷுக்கு, இது கில்கீக்கு. மூன்றாவது, என்னிஸ் பக்கம் போகாமலே அந்த ரெண்டு ஊருக்கும் நடுவே நேராகப் போக." அவ்வளவுதான், புரிந்துவிட்டது!

குவில்டி ஸ்டேஷனின் காற்றுமானி பற்றிச் சொன்னவரும் அவர்தான். தண்டவாளத்தின் அகலம் வெறும் 3 அடி, மீட்டர் கேஜைவிடக் குறுகல். பக்கத்திலேயே அட்லாண்டிக் கடல். காற்று மணிக்கு 60 மைலைத் தொட்டால் பெட்டிகளில் கான்கிரீட் பலகைகளை ஏற்றிப் பாரம் கூட்டிய வண்டிகள் மட்டுமே ஓடலாம். 80 மைலைத் தொட்டால் எந்த வண்டியும் கிடையாது. இப்படிக் காற்றோடு பேரம் பேசி ஓட்டிய ஆட்களைத்தான் சோம்பேறிகள் என்று நினைத்துச் சிரிக்கிறோம்.

மூடுவிழா அத்தியாயத்தை எழுதியபோது என் கோபத்தைக் கொஞ்சம் அடக்கிவைத்த நண்பருக்கும் நன்றி. முழுக்க அடங்கவில்லை. 1952-ல் டீசல் ரயில்கார்கள், 1955-ல் டீசல் இன்ஜின்கள் என்று புதுசாக வாங்கிப் போட்டுவிட்டு, 1961 ஜனவரி 31-ஆம் தேதி மூடினார்கள். மறுநாளே தண்டவாளத்தைப் பெயர்க்க ஆரம்பித்தாயிற்று. அத்தனை அவசரம் எதற்கு என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம் மொயாஸ்டாவில் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளத்தை மறுபடி போட்ட ஆர்வலர்கள். 1892-ல் கிளாஸ்கோவில் செய்த 'ஸ்லீவ் கேலன்' இன்ஜின் என்னிஸ் ஸ்டேஷனில் பல வருடம் காட்சிப்பொருளாக நின்றது. அதைப் பழுதுபார்த்து 2009-ல் திரும்பக் கொண்டுவந்து நீராவியில் ஓடவிட்டார்கள். அவர்கள் இல்லையென்றால் நான் போய்ப் பார்க்க அங்கே ஸ்டேஷன் என்று ஒன்று இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

படங்கள் தந்தவர்கள், ஊர்ப்பெயர்களின் உச்சரிப்பைத் திருத்தியவர்கள், போன இடமெல்லாம் டீ கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. தொடரைப் புத்தகமாக்கும் வேலை நடக்கிறது. பழைய டிக்கெட், கால அட்டவணை, குடும்பப் படம் என்று எது கையில் இருந்தாலும் சொல்லுங்கள், இன்னும் சேர்க்க இடமிருக்கிறது.