பொங்கல் ஒத்திகையில் கரடி

நம் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவினருக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டது. இன்னும் ஓரிரு நாளில் பொங்கல் விழா ஒத்திகை அட்டவணை வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். அது வருவதற்கு முன்பே இந்த மடலை எழுதிவிடுகிறேன். வந்தபின் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதைப் போன முறையே பார்த்துவிட்டேன்.

நினைவிருக்கும். 2025 ஜனவரி 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா, ஹெர்ஷி பேர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர்கள் தொண்டுக்காகக் கரடி பொம்மை எறியும் ஆட்டம் அன்றுதான் என்று கேட்டேன். "சிவ பூஜையில் கரடி புகுந்தாற்போல" என்று ஒருவர் எழுதினார். பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல நகைச்சுவை, மறுப்பதற்கில்லை. அடிதடி விளையாட்டுக்குக் குழந்தைகளை அழைத்துப்போவானேன் என்று இன்னொருவர் கேட்டார். நாங்கள் போய்விட்டு வந்தோம். ஒரு ஒத்திகை தவறியதற்காக என் மகள் கும்மியில் பின் வரிசைக்குத் தள்ளப்பட்டாள். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. (பேசாமல் இருக்க முடியாது என்று என் மனைவி பந்தயம் கட்டியிருக்கிறாள்.)

நாமெல்லாம் பென்சில்வேனியாவின் சாக்லேட் ஊரான ஹெர்ஷியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் பத்து, பதினைந்து ஆண்டுகளாக வாழ்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறோம். சாக்லேட் அவென்யூவில் மிட்டாய் வடிவத் தெருவிளக்குகளுக்குக் கீழே நிற்கவைத்துப் படம் எடுக்கிறோம், பூங்காவில் ராட்டினம் சுற்றவிடுகிறோம், மூட்டை மூட்டையாகச் சாக்லேட் வாங்கிப் பெட்டியில் திணித்து அனுப்புகிறோம். பூங்காவை ஒட்டியிருக்கும் ஜெயன்ட் சென்டர் அரங்கில் பல்லாண்டுகளாக நடந்துவருவது மட்டும் நம் கண்ணில் படவில்லை. எனக்கும் படவில்லைதான். பக்கத்து வீட்டு மூதாட்டி தன் சீசன் டிக்கெட்டுக்கு அடுத்த இருக்கைகளைப் பிடித்துக் கொடுத்திருக்காவிட்டால் நானும் அன்று பள்ளி அரங்கத்தில் ஒலிபெருக்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேர்ஸ் ஆடுவது அமெரிக்கன் ஹாக்கி லீக்கில். பெரிய லீக்கான நேஷனல் ஹாக்கி லீக்குக்கு அடுத்த படி அது. ரஞ்சியில் ஆடுகிறவர் இந்திய அணியின் அழைப்புக்குக் காத்திருப்பதுபோல, இங்கே ஆடுகிறவர்கள் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் அழைப்புக்குக் காத்திருப்பவர்கள். 1938 முதல் இந்த அணி அந்த லீக்கில் இடைவிடாமல் ஆடிவருகிறது. லீக்கின் பட்டமான கால்டர் கோப்பையைப் பதின்மூன்று முறை வென்றிருக்கிறது. 2023, 2024 என அடுத்தடுத்து இருமுறை. ஆட்டக்காரர்களில் பலர் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். கிறிஸ்துமஸுக்கு லீக் சில நாள் மூச்சுவிடும். பிறகு மறுபடியும் பஸ் ஏறி ஆலன்டவுனுக்கும் வில்க்ஸ்-பேரிக்கும் போய் ஆடுவார்கள். பண்டிகை நாளில் வீட்டுக்கு வீடியோ அழைப்பில் முகம் காட்டும் வாழ்க்கை நமக்குத் தெரியாததா?

பெயருக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. முதலில் அணியின் பெயர் சாக்லேட் பாரை நினைவூட்டும்படி ஹெர்ஷி பார்ஸ் என்று இருந்தது. இது பெயரா விளம்பரமா என்று கேள்வி எழுந்ததால் 1936இல் ஓசையை லேசாகத் திருப்பி பேர்ஸ், அதாவது கரடிகள், ஆக்கினார்கள். அப்படித்தான் பாரிலிருந்து கரடி பிறந்தது.

அடிதடி விளையாட்டா என்றால், ஆம். சண்டை உண்டு. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக் குத்திக்கொள்வார்கள், நடுவர் பிரித்துவிட்டு ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்காரவைப்பார். நம் பொதுக்குழுக் கூட்டங்களில் ஒரு சண்டையாவது ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கிறதா என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

இனி கரடிக்கு வருகிறேன். வழக்கம் இதுதான்: பண்டிகைக் காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு ரசிகர்கள் பஞ்சு பொம்மைகளோடு வருவார்கள். சொந்த அணி முதல் கோல் போட்டதும் எல்லாரும் அவற்றை ஆடுகளத்துக்குள் எறிவார்கள். ஆட்டம் நிற்கும். பொம்மைகளைத் திரட்டி, எண்ணி, குழந்தைகளுக்கான தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கனடாவின் கம்லூப்ஸ் நகரத்து இளையோர் அணி 1993இல் தொடங்கிவைத்தது இது. இன்று வட அமெரிக்காவில் எத்தனையோ சிறிய அணிகள் செய்கின்றன. ஹெர்ஷிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்ட விதம்தான் வேறு. 2018இல் 34,798 பொம்மைகள். 2019இல் 45,650. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 52,341, அடுத்த ஆண்டு 67,309, அதற்கும் அடுத்த ஆண்டு 74,599. நாங்கள் போயிருந்த அன்று 1,02,343. மறுநாள் அலுவலகத்தில் நம் சங்க நண்பர் ஒருவரிடம் இந்த எண்ணைச் சொன்னபோது "கரடி விடாதே" என்றார். கரடியேதான் விட்டார்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். அரங்கில் இருக்கை பத்தாயிரத்துச் சொச்சம். கணக்குப் போட்டால் ஆளுக்குப் பத்துப் பொம்மை.

அந்தப் பத்து எப்படி வருகிறது என்பதை மூதாட்டியின் நிலவறையில் பார்த்தேன். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே போய் நிற்பாராம். பாதி விலைக்கு வரும் பொம்மைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஈரம் படாதிருக்க ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவும் பையில் போட்டுக் கட்டி, குப்பைக்கு வாங்கும் பெரிய கறுப்புப் பைகளில் நிரப்பி வைத்திருந்தார். மூன்று பைகள். 2018, 2019இல் டிசம்பர் தொடக்கத்தில் நடந்த ஆட்டத்தைப் பிறகு ஜனவரிக்குக் கொண்டுபோனது எனக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொடுத்தால்தானே குழந்தைக்குப் பண்டிகைப் பரிசு என்று கேட்டேன். "குழந்தைகள் டிசம்பரில் மட்டுமா ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள்?" என்றார் முடிச்சைப் போட்டபடியே. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

அப்போது என் அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் பழைய ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லாய். மடியில் சாம்பல் நிற யானை பொம்மை. கடையில் அவரே தேர்ந்தெடுத்தது. கரடியே வேண்டும் என்று கட்டாயமில்லை என்றதும் பிள்ளையாரை நினைத்து யானையை எடுத்திருக்கிறார். பந்துக்குப் பதிலாக அடிக்கும் பக் என்ற வட்டு எங்கே ஓடுகிறது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்கே பாதி நேரம் தெரியவில்லை.

கோல் விழுந்தது. அதை நான் பார்க்கவில்லை, கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அரங்கின் மேல்பாதி முழுவதும் கீழே கொட்டத் தொடங்கியது. மேலடுக்கில் இருப்பவர்கள் எறிவது பனிக்களம் வரை வருவதில்லை. நம் தலைமேல் விழும். விழுந்ததை எடுத்து நாம் முன்னால் எறிய வேண்டும், அங்கிருப்பவர் கண்ணாடித் தடுப்புக்கு மேலாக உள்ளே எறிவார். என் மகள் இரண்டு கைகளாலும் வாரி வாரி எறிந்தாள். ஒரு நீல முயல் என் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. வெள்ளைக் களம் சற்று நேரத்தில் காணாமல் போயிற்று. சற்றுமுன் எதிரணிக்காரனைத் தடுப்போடு சேர்த்து மோதிய ஆள் ஒருவன் பொம்மைக் குவியலில் மல்லாந்து விழுந்து கையையும் காலையும் அசைத்துக்கொண்டிருந்தான்.

அம்மா மட்டும் எறியவில்லை. யானையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எறியுங்கள் என்று மூதாட்டி சைகை காட்டினார், நான் சொன்னேன், மகள் கெஞ்சினாள். "ஒரு குழந்தைக்குக் கொடுக்கிற பொருளை யாராவது தூக்கி எறிவார்களா?" என்றார் அம்மா. எங்கள் யாரிடமும் பதில் இல்லை. பிறகு எழுந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே நின்றிருந்த அரங்கப் பணியாளரிடம் யானையை இரண்டு கைகளாலும் நீட்டினார், தாம்பூலம் கொடுப்பதுபோல. அந்த இளைஞனுக்கு என்ன புரிந்ததோ, அவனும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். அந்த யானை 1,02,343இல் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

குழுவில் எழுந்த இன்னொரு கேள்வியை நான் சிரித்துத் தள்ளவில்லை. ஃபெஞ்சல் புயலில் விழுப்புரம் பக்கம் வீடிழந்தவர்களுக்கு நாம் நிதி திரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரில் வெள்ளம், இங்கே பொம்மையா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நிதியை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கொடுத்தேன். ஆனால் அந்தப் பொம்மைகள் இந்தப் பகுதியிலேயே 35க்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குப் போகின்றன. வாங்கிக்கொள்ளும் குழந்தை நம் பிள்ளைகள் ஏறும் அதே மஞ்சள் பஸ்ஸில் ஏறுகிற குழந்தையாக இருக்கலாம். சாக்லேட் நிறுவனத்தை உண்டாக்கிய மில்டன் ஹெர்ஷிக்கும் அவர் மனைவி கேத்தரினுக்கும் பிள்ளை இல்லை. 1909இல் ஆதரவற்ற சிறுவர்களுக்கென்று பள்ளி தொடங்கினார்கள். இன்று வசதியற்ற குடும்பங்களின் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே செலவில்லாமல் தங்கிப் படிக்கிறார்கள். பூங்காவையும் இந்த ஹாக்கி அணியையும் நடத்தும் நிறுவனம் அந்தப் பள்ளிக்கான அறக்கட்டளையின் சொத்து. நாம் ராட்டினத்துக்குக் கொடுத்த காசெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது எனக்கே இந்த ஆண்டுதான் தெரிந்தது.

ஆகவே கேட்கிறேன். அட்டவணை போடும் முன் அணியின் ஆட்டப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளும் இந்த ஆட்டம் ஜனவரியின் தொடக்க ஞாயிறுகளில்தான் வந்திருக்கிறது. அந்த ஒரு நாளை விட்டுவிடுங்கள். வில்லுப்பாட்டுக் குழு ஒரு ஞாயிறு ஓய்வெடுத்தால் பார்வையாளர்கள் யாரும் வருந்தமாட்டார்கள். நாற்பது பேர் சேர்ந்தால் மொத்த டிக்கெட்டுக்கு விலை குறைப்பார்களா என்று நானே கேட்டு வருகிறேன். வர விருப்பமில்லாதவர்கள் டிசம்பர் ஒன்றுகூடலுக்கு வரும்போது ஆளுக்கொரு பொம்மை கொண்டுவரட்டும். புதியதாக இருக்க வேண்டும், பேட்டரி கூடாது, பையில் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் காது கிழிந்த கரடியைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். நம்மில் யார் கொண்டுவருவார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பெட்டி வைக்க மேசை வேண்டுமே என்று பொருளாளர் கேட்பார். போன தீபாவளிக்குச் சங்கத்துக்கு இரவல் கொடுத்த என் மடக்கு மேசை இன்னும் அவர் கார் கொட்டகையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
பின் வரிசைக் கும்மிக்காரியின் அப்பா