சீட்டாட்டப் பிரிவின் ஆண்டறிக்கை, 2025–26

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மும்பை செம்பூரில் இயங்கும் நம் சங்கத்தின் சீட்டாட்டப் பிரிவு, 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை செய்ததையும் செய்யாததையும் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். போன வருட அறிக்கை ரொம்ப நீளம் என்று மூன்று பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அதைப் படிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சனிக்கிழமை ஆட்டம் வழக்கம்போல் நடந்தது. ஜூலை மழையில் இரண்டு வாரம் யாரும் வர முடியவில்லை. பொங்கல் விழா இனிதே நடந்தது. கேரம் போட்டி முடிந்துவிட்டது. கோப்பையில் பெயரைத் தப்பாக அடித்துவிட்டதால் பரிசு மட்டும் பாக்கி. ஆயுத பூஜை அன்று சீட்டுக்கட்டுகளுக்கும் பொட்டு வைத்து, ஒருநாள் கைபடாமல் வைத்திருந்தோம். சாவந்த்வாடி அரண்மனைக்குப் போய் கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டுகளைக் கையால் வரைவதைப் பார்க்கத் திட்டமிட்டோம். தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்கு 12 என்று மொத்தம் 120 சீட்டு, எல்லாம் ஓவியம். பதினெட்டு பேர் பெயர் கொடுத்தார்கள். பணம் கொடுத்தவர்கள் நான்கு பேர். பயணம் நடக்கவில்லை.

ரம்மி மேஜையில் கூட்டம் கூடியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதும், இரண்டு வருடமாக முகம் காட்டாத சிலர் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு நம் மேஜைக்கே திரும்பினார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் இங்கே சீட்டை நாமேதான் கலைக்கவேண்டும், கணக்கையும் நாமேதான் எழுதவேண்டும். ஜோக்கர் கலக்காத ஒரு ரன் (ஒரே இனத்தில் வரிசையாக வரும் சீட்டுகள்), அதாவது லைஃப், கையில் இல்லாமல் மாட்டிக்கொண்டால் மற்ற சீட்டு எவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தாலும் நமக்கு எதிராக முழுக் கணக்குதான், அதிகபட்சம் 80 புள்ளி. நூற்றொன்று ஆட்டத்தில் முதலிலேயே டிராப் செய்தால், அதாவது விலகினால், அபராதம் 20, நடுவில் செய்தால் 40. பெரியவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் இரண்டு ஜோக்கரைப் பார்த்த ஆசையில் உட்கார்ந்துவிட்டு, சீட்டு போட்டவரைத் திட்டுவதைத் தவிர்க்கலாம்.

தீபாவளிக்கு தீன் பத்தி வைக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. நம் ஊரில் மூணு சீட்டு என்றால் ரயிலடியில் ஆளை மொட்டையடிக்கும் வித்தை. தீன் பத்தி வேறு, மூன்று சீட்டு வைத்து ஆடும் பந்தயம். இரண்டுக்கும் அனுமதி இல்லை. அதே மாதம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து, இங்கே சூதாட்டம் நடக்கிறது என்று புகாரும் வந்தது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்கவேண்டும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று தெரியவேண்டும் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கு அது. மூன்று சீட்டு ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். இதை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. தாழ்வாரத்தில் செருப்பை ஒழுங்காக விடுங்கள் என்று மட்டும் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார்கள்.

இனி, சிலர் கேட்டுக்கொண்டே இருக்கும் விதிப் புத்தகம் பற்றி.

நவம்பர் முதல் சனிக்கிழமை, இருபத்தெட்டு என்ற ஆட்டத்தின் மேஜை. எதிரணி 16 புள்ளி எடுப்போம் என்று கேட்டு, துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து வைத்தது. எட்டுச் சுற்றும் முடிந்து எங்கள் பக்கம் எண்ணினோம்: 12. உடனே அவர்கள் "அப்போ எங்களுக்கு 16, ஜெயிச்சாச்சு" என்று சீட்டை வாரிக் கலைக்கப் போனார்கள். இது கழித்தல் கணக்கு, எண்ணிக்கை அல்ல என்றேன். முறைத்தபடி எண்ணினார்கள். 14. மறுபடி எண்ணினார்கள். அதே 14. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜா, ராணி, எட்டு, ஏழுக்கு ஒன்றும் கிடையாது. இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கு 28. எங்கள் மேஜையில் மட்டும் 26.

முப்பத்திரண்டு சீட்டையும் விரித்துப் போட்டோம். ஜாக்கி நான்கு, ஆஸ் நான்கு, பத்து நான்கு, ஒன்பது மூன்று. ஆட்டத்திலேயே இருக்கக் கூடாத கிளாவர் ஆறு நடுவில் உட்கார்ந்திருந்தது. கணக்கு வைக்க நாம் ஆறுகளைத்தானே எடுத்து வைப்போம்? அதில் ஒன்று கட்டுக்குள் போய், கிளாவர் ஒன்பது இன்னொரு சீட்டுக்கு அடியில் கணக்குச் சீட்டாக மறைந்திருந்தது. கையில் ஆறு வந்தவர், கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த நம் மூத்த உறுப்பினர். ஓர எண்ணைத் தலைகீழாகப் பார்த்து ஒன்பது என்றே நினைத்து, மேஜை அதிரும்படி ஆஸ் மேல் அடித்துச் சுற்றையும் எடுத்துக்கொண்டார். அடித்த வேகத்தில் நாங்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை. இதில் நானும் ஒருவன், ஒப்புக்கொள்கிறேன்.

16 கேட்டவர்கள் தோற்றதாக எழுதினேன். எதிரணி, ஆட்டமே செல்லாது என்றது. "எங்க வீட்ல இப்படித்தான்" என்று ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். அன்றைக்குத்தான் எழுதி வைக்காமல் இனி ஆகாது என்று முடிவு செய்தேன். துருப்பைத் திறக்கச் சொன்னவர் கையில் துருப்பு இருந்தால் அதைப் போட்டே ஆகவேண்டுமா? ராஜா ராணி ஜோடியைக் காட்டினால் கேட்டதில் 4 குறையுமா? இதற்கெல்லாம் நம் சங்கத்தில் இரண்டு தலைமுறையாகச் சண்டை. மூன்று மாதம் உட்கார்ந்து 36 பக்கம் எழுதினேன். இருபத்தெட்டு மட்டுமல்ல, இரட்டைக் கட்டில் ஆறு பேர் ஆடும் ஐம்பத்தாறு, இளைஞர்கள் விரும்பும் லிட்ரேச்சர், இலங்கைத் தமிழர்கள் ஆடும் 304 எல்லாம் அதில் இருக்கின்றன. 304-இலும் ஜாக்கிதான் பெரியது. ஆனால் அதற்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் இனத்துக்கு 76. லிட்ரேச்சரில் எட்டுகளை எடுத்துவிட்டு 48 சீட்டு. எதிரணிக்காரரிடம் பெயர் சொல்லிச் சீட்டு கேட்கவேண்டும், அதே அரை இனத்தில் (ஒரு இனத்தின் பாதியான ஆறு சீட்டில்) ஒன்றாவது நம் கையில் இருந்தால்தான் கேட்கலாம். அக்கம்பக்கத்து மராத்திக்காரர்கள் ஆடும் மெண்டிகோட்டையும் சேர்த்தேன். அதில் பத்துகளைப் பிடிப்பதுதான் குறி. நான்கையும் ஒரே அணி பிடித்தால் மெண்டிகோட்.

செயற்குழு ஒப்புதல் இல்லாமல் அச்சடித்தேன் என்பது உண்மை. செயற்குழு இரண்டு முறை கூடியபோதும் குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை என்பதும் உண்மை. பிரதி ஒன்றுக்கு 40 ரூபாய். கணிசமான பிரதிகள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

சந்தா பற்றி. நாற்பத்தொரு உறுப்பினர்களில் முழுத் தொகை கட்டியவர்கள் பத்தொன்பது பேர். நினைவூட்டலில் "சீட்டுப் பிரிவுப் பணம் பாக்கி" என்று எழுதியதால், ஏலச்சீட்டு என்று பயந்து இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அடுத்த முறை வார்த்தையை மாற்றுகிறேன். கட்டடம் இடித்துக் கட்டுகிறார்கள், தாணேயில் வாடகைக்கு இருக்கிறோம், வர முடியவில்லை என்பவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே செம்பூரில், இதே சனிக்கிழமை மாலையில், ஒரு உறுப்பினர் வீட்டு ஹாலில் இன்னொரு மேஜை ஓடுவதும் புரிகிறது. அங்கே ஓடும் கட்டுகளில் ஒன்று நம் பிரிவுடையது.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, முந்தைய இருப்பு சேர்த்து ஓரளவு வந்தது. காபி, சீட்டுக்கட்டு, மின்விசிறி பழுது, அச்சு ஆகியவற்றுக்கு ஏறக்குறைய அந்த அளவே போனது. சிறிய பற்றாக்குறையை இப்போதைக்கு ஒரு உறுப்பினர் ஏற்றிருக்கிறார். ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. பொருளாளர் மகள் வீட்டுக்குப் புனே போயிருக்கிறார்.

அறை தந்த சங்கத் தலைவருக்கும், வாரம் தவறாமல் டிகாக்‌ஷன் இறக்கித் தந்த மாமிக்கும், நாற்காலி எடுத்துப் போட்ட பையன்களுக்கும் நன்றி. ஆபரேஷன் முடிந்து இப்போது எல்லோர் சீட்டையும் தூரத்திலிருந்தே படித்துவிடும் மூத்த உறுப்பினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று போன வருடமும் சொன்னேன். யாரும் கை தூக்கவில்லை. இந்த முறை உண்மையாகவே சொல்கிறேன். வேறு யாராவது வந்தால் பீரோ சாவி, பதிவேடு, விதிப் புத்தகக் கட்டு எல்லாவற்றையும் அன்றே கொடுத்துவிடுவேன். வராவிட்டால், சரி, பார்ப்போம். எப்படியும் வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அறையைத் திறப்பேன். இருபத்தெட்டு மேஜைக்கு இப்போதைக்கு மூன்று பேர்தான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்