பாப்பாவுக்கு, அப்பாவின் டைரி பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்குப் பதவி உயர்வு வந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரொம்பச் சந்தோஷம். நீயே சொல்லியிருக்கலாம். சரி, வேலை நெருக்கடியாக இருக்கும். ராத்திரி நேரத்துக்குத் தூங்கு.

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. போனில் என் பிரஷரைக் கேட்கிறாய், மாத்திரையைக் கேட்கிறாய். அப்பா பேச்சு வந்தால் மட்டும் ‘அப்புறம் கூப்பிடுறேம்மா’ என்று வைத்துவிடுகிறாய். இங்கே வருகிறவர்களோ நோயைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. எத்தனை வருஷம் கஷ்டப்பட்டார், கடைசியில் ஆள் அடையாளம் தெரிந்ததா, இவ்வளவுதான். ஒன்பது வருஷ நோய் அதற்கு முந்தைய அறுபது வருஷத்தையும் விழுங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் அவருடைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழைய டைரிகளில் பக்கத்துக்குப் பத்து வரிதான். அவ்வளவு பெரிய, உருண்டையான எழுத்து. நீ சைக்கிள் பழகிய நாளுக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். ‘விழுந்தாள். அழவில்லை. என்னைத்தான் முறைத்தாள். பிடியை விட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது.’ அதை மட்டும் நாலு தடவை படித்தேன்.

2012 வாக்கில் எழுத்து சுருங்க ஆரம்பிக்கிறது. வரியின் முதல் வார்த்தை ஒழுங்காக இருக்கும், கடைசி வார்த்தை எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். காகிதத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பூ வாசனை தெரியவில்லை என்றார், சளி என்றேன். முகத்தில் சிரிப்பு போனது. என்மேல் கோபம் என்று நினைத்து இரண்டு வருஷம் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். 2014-ல் நரம்பு டாக்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் சொன்னார், பார்க்கின்சன். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போவதால் வருகிறதாம். கை நடுங்குவதற்கு முன்னாலேயே இதெல்லாம் வரலாமாம்.

அப்பா சும்மா இருப்பாரா? படித்துவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி 1817-லேயே எழுதிவிட்டாராம். இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் நோயை நிறுத்த மருந்து இல்லை, தணிக்கத்தான் இருக்கிறது என்றார். அந்த லெவோடோபா மாத்திரை நேரம் தவறினால் உடம்பு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். அறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கையைப் பிடித்து இழுத்தால் விழுவார். குறுக்கே ஒரு கோடு இருந்தால் தாண்டிவிடுவார். நீ வந்தபோது தரையில் வரிசையாக வெள்ளை டேப் ஒட்டிவிட்டுப் போனாயே, எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ‘என் பெண் போட்ட ரோடு’ என்று காட்டினார். நான் இன்னும் அதை உரிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் நீ வந்தது அந்த ஒரு தடவைதான், பாப்பா.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கடைசி மூன்று வருஷம் அவர் குரல் தேய்ந்துபோனது. தான் சத்தமாகப் பேசுவதாகத்தான் அவருக்கு இருக்கும். நாம் காதை வாயருகே கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் ‘அப்பா தூங்குறார்’ என்று சொன்னேன் அல்லவா, பல நாள் அவர் தூங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம், நீ ‘கேக்கலைப்பா’ என்பது, நடுவில் நான் திருப்பித் திருப்பிச் சொல்வது, எனக்கு முடியவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்த களைப்பு. அதெல்லாம் ஒரு காரணமா? அவர் உன்னோடு பேசுவதை நான் தடுத்தேன். அப்பாவுக்கு உன்மேல் ஏதோ வருத்தம் என்று நீ தம்பியிடம் சொன்னாயாம். அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நான் செய்தது அது.

2022 டைரியைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. மற்ற நாள்கள் வெறுமையாக இருக்கின்றன. ஞாயிறுகளில் மட்டும் ஒரு வரி. ‘பாப்பா போன். நான் தூங்கினேனாம்.’ எட்டு ஞாயிறு அப்படியே எழுதியிருக்கிறார். ஒன்பதாவதில் நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் போலிருக்கிறது. ‘பாப்பா குரல் கேட்டது. சளி பிடித்திருக்கிறது.’

டைரியைத் தபாலில் அனுப்ப மாட்டேன். பூதக்கண்ணாடியும் இங்கேதான் இருக்கிறது. வந்து படி. என்னைத் திட்ட வேண்டுமானாலும் வந்து திட்டு. ராத்திரி நேரத்துக்குத் தூங்கு.

அம்மா