கிராங்க் புல்லியை மாற்றும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, எடை குறைந்த அலுமினியக் கிராங்க் புல்லி (கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலிருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) மாட்டினால் பவரும் மைலேஜும் கூடும் என்று பரிந்துரைத்திருந்தது. சாலையில் ஓடும் சாதாரண காருக்கு இது வேண்டாத வேலை. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

கடையில் இரண்டு வகைப் புல்லிகள் கிடைக்கின்றன. ஒன்றில் விட்டம் அதேதான், எடை மட்டும் குறைவு. மற்றதில் விட்டமே சிறியது. அதனால் பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர் (மின்சாரம் தரும் ஜெனரேட்டர்), வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர் எல்லாம் மெதுவாகச் சுற்றும். இதைத்தான் அண்டர்டிரைவ் என்கிறார்கள். கட்டுரை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது.

முதலில் எடை. பழைய புல்லி 2.5 கிலோ, புதியது 0.7 கிலோ, இரண்டுக்கும் விட்டம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சீரான வட்டத்தட்டாகக் கணக்கிட்டால், முதல் கியரில் (மொத்த கியர் விகிதம் 14, சக்கர ஆரம் 30 செ.மீ.) இந்த மாற்றம் காரிலிருந்து சுமார் 11 கிலோவை இறக்கியதற்குச் சமம். நான்காவது கியரில் விகிதம் 4 ஆகும்போது அதே மாற்றம் ஒரு கிலோவுக்குக்கூடத் தேறாது. டிக்கியில் சும்மா கிடக்கும் சாமானை எடுத்து வெளியே வைத்தால் இதைவிட லாபம். சீரான வேகத்தில் போகும்போது எடைக் குறைப்பால் எந்தப் பலனும் இல்லை, எனவே நெடுஞ்சாலை மைலேஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை. பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் கூடுதலாகக் காட்டுகிறதே என்பார்கள். கனமான உருளையை முடுக்கி அளக்கும் டைனோவில், எஞ்சினின் சுழலும் பாகம் இலேசானாலே எண் சற்று ஏறும். எரிபொருளிலிருந்து எஞ்சின் எடுக்கும் பவர் அதேதான்.

அண்டர்டிரைவ் விஷயத்தில் கணக்கு இன்னும் ஏமாற்றும். விளக்கு, ஃபேன், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுத்தால் அது 700 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 60 சதவீதம் என்றால் பெல்ட்டிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 1.2 கிலோவாட். ஆல்டர்னேட்டரை மெதுவாகச் சுற்றினால் இந்தத் தேவை குறைந்துவிடாது. வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் ஃபீல்டு கரண்டைக் கூட்டி அதே 700 வாட்டை வாங்கிக்கொள்ளும். மிச்சமாவது உள்விசிறி, பேரிங் உராய்வு போன்ற சில்லறைதான். ஏசியும் அப்படியே: கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றினால் அதிக நேரம் ஓடி அதே குளிரைத் தரும். வாட்டர் பம்பில் மட்டும் உண்மையான குறைப்பு உண்டு, வேகம் 20 சதவீதம் குறைந்தால் அது இழுக்கும் பவர் பாதியாகும். ஆனால் பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டிலோ செயினிலோ ஓடுவதால் இந்தப் புல்லிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பவர் ஸ்டீயரிங்கும் இப்போது பெரும்பாலும் மின்மோட்டார்தான்.

இழப்போ ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, தெரியும். 15 செ.மீ. கிராங்க் புல்லி, 5.5 செ.மீ. ஆல்டர்னேட்டர் புல்லி, எஞ்சின் 750 சுற்று என்றால் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்குச் சுமார் 2,050 சுற்று சுற்றும். கிராங்க் புல்லியை 12 செ.மீ. ஆக்கினால் அது சுமார் 1,640. இந்த வேகத்தில் ஆல்டர்னேட்டரின் உற்பத்தி செங்குத்தாகச் சரியும். ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டு ஐடிலில் பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே போய் அங்கேயே நின்றால் பேட்டரிதான் சுமையைத் தூக்குகிறது. (ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் வோல்ட்டேஜ் வேண்டுமென்றே ஏறி இறங்கும், அங்கே மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட வேண்டும்.)

இவையெல்லாம் சின்ன விஷயம். கட்டுரை தொடாமலே விட்ட பெரிய விஷயம், பல கார்களில் அந்தப் புல்லி வெறும் புல்லி அல்ல, அதிர்வை அடக்கும் டேம்பர் என்பது. நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட், ஈரத்துணியைப் பிழிவது போல, மிக நுட்பமாக முறுக்கி விடுபடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இப்படி வினாடிக்கு 100 முறை அடி விழும். அந்த அடிகளின் மடங்குகளில் ஏதோ ஒன்று ஷாஃப்ட்டின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்தும் வேகத்தில் முறுக்கல் பெருகும். ரப்பரும் வளையமும் சரியாக அந்த அதிர்வெண்ணுக்கென்று அமைக்கப்பட்டவை. முழு அலுமினியத்தில் கடைந்த புல்லியில் அது கிடையாது.

‘இந்த எஞ்சின் உள்ளேயே பேலன்ஸ் செய்தது, டேம்பர் தேவையில்லை’ என்பது விற்பவர்களின் வழக்கமான வாதம். பேலன்ஸ் என்பது சுற்றும்போது குலுங்காமலிருப்பது. முறுக்கதிர்வு வேறு, முழுக்க பேலன்ஸான ஷாஃப்ட்டும் முறுக்கும். மாற்றிய மறுநாளே எதுவும் தெரியாது. நாளாவட்டத்தில் மெயின் பேரிங் தேயும், கிராங்க் போல்ட் தளரும், ஷாஃப்ட்டின் மூக்கிலேயே பொருந்தியிருக்கும் ஆயில் பம்பின் உள்ரோட்டர் விரிசல் விடும். அது உடைந்தால் ஆயில் பிரஷர் போய் எஞ்சினே போகும். ஷாஃப்ட் நீளமான ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினில் அபாயம் அதிகம்.

தொழிற்சாலையிலேயே ரப்பர் இல்லாத புல்லியோடு வந்த எஞ்சின் என்றால் எடை குறைந்ததை மாட்டுவதில் பெரிய ஆபத்தில்லை, பெரிய பயனும் இல்லை. நாள் முழுக்க உச்ச சுற்றில் ஓடும் பந்தய எஞ்சின் கதை வேறு. அங்கேகூட எஸ்எஃப்ஐ 18.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தரச்சான்று பெற்ற டேம்பரைத்தான் மாட்டுகிறார்கள், மொட்டைப் புல்லியை அல்ல.

இதற்குப் பிறகும் மாற்றுபவர்களுக்கு: பல எஞ்சின்களில் கிராங்க் போல்ட் ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டியது, புதியது போட்டு, மேனுவலில் சொன்ன டார்க் (முறுக்கு விசை), அதன்மேல் சொன்ன கோணம் என்று இறுக்குங்கள். இம்பாக்ட் கன்னால் இறுக்கக் கூடாது. சில எஞ்சின்களில் புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டும் உலோகச் சாவியே (கீ) கிடையாது, வால்வுகளை ஓட்டும் டைமிங் ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரம்) அந்த ஒரே போல்ட்டின் பிடியில்தான் நிற்கிறது. வழுக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதும். டைமிங் பொருத்த ஷாஃப்ட்டை நிறுத்தும் பின்னைக் கொடுத்துப் புல்லியைப் பிடிக்காதீர்கள், தனிப் பிடிப்பான் வேண்டும். விட்டம் 3 செ.மீ. குறைந்தால் பெல்ட் நீளம் சுமார் 47 மி.மீ. குறைய வேண்டும்; 6பிகே1750 (ஆறு வரி, 1750 மி.மீ. நீளப் பெல்ட்) இருந்த இடத்தில் 6பிகே1705 அளவில் தேடுங்கள். பழைய பெல்ட்டையே போட்டால் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எல்லை தாண்டி, மழையில் கிறீச்சிடும். சில புல்லிகளில் கிராங்க் சென்சாரின் பல்வளையமும் டைமிங் குறியும் இருக்கும். பல்வளையம் இல்லாத புல்லியை மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.

புல்லிக்குச் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், பழைய டேம்பரின் ரப்பரைப் பாருங்கள். வெடிப்பு விட்டிருந்தாலோ, வளையம் ஆடிச் சுற்றினாலோ அசல் தரத்தில் புதிய டேம்பர் போடுங்கள். சந்தேகமிருந்தால் ஹப்பிலிருந்து வளையம் வரை பெயின்டால் ஒரே கோடு இழுத்து, சில வாரம் ஓட்டிய பின் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் ரப்பர் விட்டுவிட்டது, வளையத்திலுள்ள டைமிங் குறியையும் இனி நம்ப முடியாது.

இப்படிக்கு,
எஞ்சின் வேலை அறிந்த வாசகர்