பெயரை மறைத்து ஒலியைக் கேட்க விடுங்கள்

மதிப்பிற்குரிய இசைக்கருவிக் கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளாக மெல்லிசைக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் கிட்டார் பழுதுபார்க்கிறேன். உங்களில் சிலர் வாடிக்கையாளர்களை என்னிடம் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கிட்டார் கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் உங்கள் கடைகளில் என்ன பேசப்படும் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது இருப்பது எந்தக் கம்பெனி என்று கேட்கிறீர்கள். தெரியாத பெயராக இருந்தால் உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒலியில் என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை.

சென்ற மாதம் என்னிடம் வந்த இளைஞருக்கும் இதுதான் நடந்தது. திருமணக் கச்சேரிகளில் வாசிக்கிறார். ஒரு கச்சேரிக்கு 1,500 ரூபாய் கிடைக்கும். கிட்டார் மங்கலாக ஒலிக்கிறது, பாடகரின் குரலுக்குப் பின்னால் அமுங்கிப்போகிறது என்று ஒரு கடைக்குப் போயிருக்கிறார். கருவியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இந்த பிக்கப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லி, புகழ்பெற்ற பெயர் பொறித்த இரண்டு ஹம்பக்கர்களை, அதாவது இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புகளை, 22,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். பதினைந்து இரவுகளின் கூலி அது. பொருத்திய பிறகும் மங்கல் போகவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், ஈயம் வைத்துப் பற்றவைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கிட்டாரின் பின்மூடியைக் கழற்றினேன். ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் போடுவார்கள். அதில் இருந்தது 250. அளந்து பார்த்தால் 205தான் காட்டியது. எந்தப் பெயருடைய பிக்கப்பை வைத்தாலும் அந்தக் கண்ட்ரோல் அதன் உச்ச ஒலிகளைத் தின்றிருக்கும். போதாக்குறைக்கு மேடையில் பத்து மீட்டர் கேபிள். நீளம் கூடக் கூட அதுவும் கூர்மையை மழுக்கும். 200 ரூபாய்கூட ஆகாத ஒரு கண்ட்ரோலை மாற்றினேன், ஒலி திறந்துகொண்டது.

அதோடு விடவில்லை. பழைய பிக்கப்புகளையும் புதியவற்றையும் மாறி மாறிப் பொருத்தி, கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே ஒரே இடைவெளி வைத்து, அவரை ஒரே பாடல் வரியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். பதிவுகளின் ஒலி அளவைச் சமமாக்கி, வெறும் எண் மட்டும் இட்டுக் கேட்கக் கொடுத்தேன். கம்பிகளைத் தாங்கும் பாலத்தருகே இருக்கும் பிக்கப்பில் அவர் தேர்ந்தது புதியதை. கழுத்துப் பக்கத்தில், எத்தனை முறை வரிசையை மாற்றிப் போட்டாலும், கைகாட்டியது பழைய, பெயரில்லாத பிக்கப்பை. எண்களுக்குரிய பெயர்களைச் சொன்னபோது அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். பாதிப் பணமாவது அவருக்கு மிஞ்சியிருக்கும்.

புகழ்பெற்ற நிறுவனங்கள் மோசமானவை என்று நான் சொல்லவில்லை. பெயர் என்பது ஒலி ஆகாது என்கிறேன். இந்தத் துறையில் எல்லோரும் வணங்கும் 'பி.ஏ.எஃப்.' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் வேலைபார்த்த சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்; 1959இல் அது கிடைத்தது. 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' (Patent Applied For) என்று பிக்கப்பின் அடியில் ஒட்டிய சின்னச் சீட்டின் முதலெழுத்துகள்தாம் பி.ஏ.எஃப். அந்தச் சீட்டு ஒட்டிய பிக்கப்புகளே ஒன்றுபோல் இருந்ததில்லை. சுருளில் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை மாறியது, காந்தத்தின் வகை மாறியது. மின்தடை சுமார் 7 கிலோ ஓமிலிருந்து 9 வரை போனது. ஒரே சீட்டுக்குள் இத்தனை ஒலிகள் இருக்க, பெயரைக் கேட்டதும் ஒலி தெரிந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறோம்?

அட்டைப்பெட்டியில் நீங்கள் காட்டும் ஒரே எண்ணும் அந்த மின்தடைதான். எண் பெரிதாக இருந்தால் வீரியம் அதிகம் என்று விற்கப்படுகிறது. சுருளில் இருக்கும் தாமிரக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், நம் ஊர் வெயிலில் 38 டிகிரியில் 8.5க்கு மேல் காட்டும். அந்த அரை கிலோ ஓமில் இருப்பது வெயில் மட்டும்தான். ஒலியின் நிறத்தை அறிய வேண்டுமானால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு), காந்தத்தின் வகை, சுருள் கம்பியின் தடிமன் தெரிய வேண்டும். இண்டக்டன்ஸை அளக்கும் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்கள் விற்கும் ஒரு பிக்கப்பின் விலைகூட இராது.

நம் கண் நம் காதைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியும் அல்ல. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களுக்குக் கருப்புக் கண்ணாடி அணிவித்து, புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்தவை உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் வாசிக்கக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் விரும்பியது புதியவற்றை. தேர்ந்த கலைஞர்களுக்கே அப்படியென்றால், பதினைந்து கச்சேரிப் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் முன் நிற்கும் இளைஞர் என்ன செய்வார்? நானும் பல ஆண்டுகள் பெயரை நம்பி வாங்கியவன்தான். அப்போது ஒரு கடையாவது பெயரை மூடிவிட்டு ஒலியைக் கேட்க வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கோபத்தில் நீண்டுவிட்டேன், பொறுத்தருள்க. நான் கேட்பது சிறிய உதவி. நீங்கள் விற்கும் பிக்கப்புகளை ஒரே கிட்டாரில், ஒரே ஆம்ப்பில், ஒரே வரியை வாசித்துப் பதிவு செய்து, எண் மட்டும் இட்டு ஹெட்போனில் கேட்கக் கொடுங்கள். தேர்ந்த பிறகு பெயரையும் விலையையும் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், தயவுசெய்து, கருவியின் பின்மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்த இளைஞரின் கழுத்துப் பக்கப் புதிய பிக்கப் இப்போது என் மேசையில் இருக்கிறது. உங்களில் யார் இந்தச் சோதனையைத் தொடங்கினாலும் அதை இரவல் தருகிறேன்; அவர் சம்மதித்துவிட்டார். பற்றவைக்கவும் பதிவு செய்யவும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன், ஒரு கிட்டார் கலைஞன்