நெடுந்தீவுக் களப்பயணம்: தரம் ஒன்பது பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தரம் ஒன்பது பிள்ளைகளை அடுத்த மாதம் நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை பேருந்து. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். இடிந்த சுவர்களைப் பார்க்க இத்தனை அலைச்சல் தேவையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தேவை என்றே உறுதியாக நம்புகிறேன்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பதைப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறார்கள். இவ்விரு ஆட்சிகளும் நெடுந்தீவில் எதைக் கொண்டு, எப்படிக் கட்டின என்பதை அங்கே போனால்தான் அறிய முடியும். அங்குள்ள பழைய கோட்டையின் சுவரில் பூச்சு உதிர்ந்த இடங்களில் முருகைக்கற்களின் (பவளப்பாறைக் கற்களின்) வரிகள் தெளிவாகத் தெரியும். அதே கல்லைச் சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கித்தான் தீவு மக்கள் தங்கள் வளவுகளுக்கு வேலி கட்டியிருக்கிறார்கள். இவ்விரண்டையும் பிள்ளைகள் அளந்து, வரைந்து, ஒப்பிட வேண்டும்; இந்தப் பயணத்தின் முக்கியமான வேலை இதுதான். புறாக்கூடு, குதிரை லாயத்தின் எஞ்சிய தூண்கள், பெருக்குமரம் (பாவோபாப்) ஆகியவற்றையும் பார்ப்போம். நேரம் இருந்தால் வெடியரசன் கோட்டை எனப்படும் இன்னொரு இடிபாட்டுக்கும் போவோம்.

ஒன்றை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். கோட்டைச் சுவரில் ஏறக்கூடாது. கூரையும் தளங்களும் போய் நிற்கும் சுவர் அது. ஒரு கல் நழுவினால் பிள்ளைக்கும் ஆபத்து, சுவருக்கும் இழப்பு. பெயர் கீறுவதையோ, நினைவுக்கென்று ஒரு துண்டு முருகைக்கல் எடுத்து வருவதையோ நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். தீவில் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கவும் கூடாது. வறட்சிக் காலத்தில் தண்ணீரின்றித் தவிக்கும் விலங்குகள் அவை. பிஸ்கட் உறைகளைத் தின்று சாகும் நிலையை நாம் உண்டாக்க வேண்டாம்.

தீவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டு. எனவே நிறையக் குடிநீர், தொப்பி, பெட்டியில் மதிய உணவு ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள். படகில் உயிர்காப்பு அங்கி கட்டாயம். கடல் கொந்தளித்தால் பயணம் வேறொரு நாளுக்கு மாற்றப்படும்.

உங்கள் குடும்பத்தில் நெடுந்தீவைச் சேர்ந்த பெரியவர்கள் இருந்தால், கல்வேலி கட்டும் முறையைப் பற்றிப் பிள்ளைகளோடு பேச ஒருநாள் பாடசாலைக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வரக்கூடிய நாளை அனுமதிப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்